மாயாவி நமக்காக வரட்டும்!



முதலில் ஒரு புதிர். 1962-ஆம் ஆண்டில் உலகத்துக்கு இரண்டு காமிக்ஸ் நாயகர்கள் அறிமுகமானார்கள். ஒருவர் அமெரிக்கர். சிலந்தி கடித்ததால் சுவரில் ஏறும் சக்தி பெற்றவர். இன்னொருவர் இங்கிலாந்து வார இதழ் ஒன்றில் பிறந்தவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் தலை முதல் கால் வரை மாயமாகிவிடுவார். வலது கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும்! முதலாமவர் பெயரை இந்நேரம் கத்திச் சொல்லியிருப்பீர்கள். ஸ்பைடர்மேன்! சரி, இரண்டாமவர் யார்?

தெரியாவிட்டால் அப்பாவைக் கேளுங்கள். அப்பாவுக்கும் தெரியவில்லையா? பெரியப்பா, தாத்தா என்று யாரையாவது பிடியுங்கள். "அட, நம்ம இரும்புக்கை மாயாவி!" என்று சொல்லும்போது அவர்கள் முகம் பத்து வயதுப் பையனின் முகமாக மாறுவதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

ஸ்பைடர்மேனுக்கு 2002-ல் பெரிய சினிமா வந்தது. அதன் பிறகு எத்தனையோ படங்கள். டோபி மெக்குவயர், ஆண்ட்ரூ கார்ஃபீல்டு, டாம் ஹாலண்ட் என்று மூன்று பேர் அந்தச் சிவப்பு உடையை மாட்டிக்கொண்டு குதித்துவிட்டார்கள். அதே ஆண்டில் பிறந்த நம் மாயாவிக்கோ இன்னும் ஒரு படம்கூட வரவில்லை. இது நியாயமா, நீங்களே சொல்லுங்கள்!

மாயாவியின் உண்மையான பெயர் லூயிஸ் கிராண்டல். 'வேலியண்ட்' என்ற சிறுவர் வார இதழின் முதல் இதழில், 1962 அக்டோபரில், 'ஸ்டீல் கிளா' என்ற தலைப்பில் அவருடைய கதை தொடங்கியது. எழுதியவர் கென் புல்மர் என்ற ஆங்கில விஞ்ஞானக் கதை எழுத்தாளர். பிறகு டாம் டல்லி என்பவர் தொடர்ந்தார். படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசுஸ் பிளாஸ்கோ. கறுப்பு மையை மட்டும் வைத்துக்கொண்டு நிழலையும் வெளிச்சத்தையும் அவர் வரைந்திருக்கும் விதம் இருக்கிறதே, அடடா! ஒரு பக்கத்தைப் பார்த்தாலே அந்த அறை எவ்வளவு குளிராக இருக்கும் என்பதுகூடத் தெரியும்.

தமிழுக்கு அவரைக் கூட்டிவந்தது சிவகாசி. 1972-ல் சௌந்திரபாண்டியன் அங்கே 'முத்து காமிக்ஸ்' தொடங்கினார். அதன் முதல் வெளியீடே 'இரும்புக்கை மாயாவி'தான். பிறகு 'பாம்புத் தீவு', 'உறைபனி மர்மம்', 'நாச அலைகள்' என்று வரிசையாக வந்தன. 'ஸ்டீல்' என்றால் எஃகுதானே, ஏன் இரும்பு என்று வைத்தார்கள் என்று கேட்கும் கெட்டிக்காரர்கள், 'எஃகுக்கை மாயாவி' என்று வேகமாக மூன்று தடவை சொல்லிப் பாருங்கள். நாக்கு சுளுக்கிக்கொள்ளும்! பெயர் வைத்தவர் புத்திசாலி.

(பிற்காலத்தில் ராணி காமிக்ஸில் 'மாயாவி' என்று ஒருவர் வந்தார். குதிரை, ஓநாய், மண்டையோட்டுக் குகை எல்லாம் உண்டு. அவர் வேறு! லீ ஃபாக்கின் 'ஃபாண்டம்' அவர். முத்து காமிக்ஸில் அவருக்கு வேதாளர் என்று பெயர். இரண்டு மாயாவிகளையும் குழப்பிக்கொண்டு சண்டை போட்ட அண்ணன் தம்பிகள் ஏராளம்.)

தேனி மாவட்டத்தில், உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் அனுமந்தன்பட்டி. நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் ஊருக்குள் மாயாவி நடந்துதான் வருவார். அதாவது, யாராவது கம்பத்துக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு புத்தகம் வாங்கி வந்தால், அது கை மாறி, கை மாறி, தெருத் தெருவாகப் போகும். நம் முறை வரும்போது அட்டை இருக்காது. கடைசிப் பக்கமும் பல நேரம் இருக்காது! முடிவை ஏற்கெனவே படித்த அண்ணன்மார் சொல்ல வேண்டும், சும்மா சொல்வார்களா? நாலு கொய்யாப்பழம் கொடுத்தால்தான் சொல்வார்கள். ஒருநாள் நான் படித்துக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்த என் அம்மாச்சி, "ஏன்டா, கை மட்டும் தனியாப் போகுது, பேயா அது?" என்று பயந்து, புத்தகத்தைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டார்.

எங்களுக்கு ஒரு பெரிய சந்தேகம் இருந்தது. மாயாவி எங்கள் பக்கம் வந்தால் மின்சாரத்துக்கு எங்கே போவார்? ஊரில் அடிக்கடி கரண்ட் போய்விடுமே! அதற்கும் விடை கண்டுபிடித்தோம். பெரியாறு அணையின் தண்ணீர் மலைச்சரிவில் ராட்சதக் குழாய்களில் இறங்கி வருகிறது. லோயர் கேம்ப் மின் நிலையத்தில் மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு, பிறகுதான் எங்கள் வயலுக்கு வரும். மாயாவிக்கு அதைவிட நல்ல இடம் எது? ஒரு கையால் அங்கே தொட்டுவிட்டு, மாயமாகி, குமுளி மலைப்பாதையில் இறங்கி வருவார் என்று முடிவு செய்தோம்.

இந்த இடத்தில் ஆசிரியராக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அது மனிதனை மாயமாக்காது. இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். 1997-ல் தூர்தர்ஷனில் 'சக்திமான்' தொடர் வந்தபோது, அவரைப் போலச் செய்து பார்க்கப் போய்ச் சில பிள்ளைகள் காயப்பட்டதாகச் செய்திகள் வந்தன. சக்திமானாக நடித்த முகேஷ் கன்னாவே திரையில் தோன்றி, அதெல்லாம் கேமரா வித்தை என்று விளக்க வேண்டியதாயிற்று. மாயாவி படம் எடுப்பவர்களும் இதை மறக்கக் கூடாது.

படமா? எடுக்கப்போகிறார்களா என்ன? இயக்குநர் லோகேஷ் கனகராஜ் 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரில் ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற நெடுநாள் ஆசையைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நடிகர் சூர்யாவை வைத்து எடுக்க முன்பு ஒரு திட்டம் இருந்ததும் தெரிந்த செய்திதான். அது நடக்கவில்லை. இன்று அவர் எடுக்கலாம், நாளை வேறு ஒருவர் எடுக்கலாம். காத்திருப்பது காமிக்ஸ் ரசிகர்களுக்குப் புதிதல்ல. வேதாளர் 1936-ல் செய்தித்தாளில் தோன்றினார். அவருக்குப் பெரிய படம் வந்தது 1996-ல். அறுபது வருடம்! ஸ்பீல்பெர்க் 'டின்டின்' கதையைப் படமாக்கும் உரிமையை எண்பதுகளிலேயே வாங்கினார். படம் திரைக்கு வந்தது 2011-ல். ஆகவே எப்போது வரும் என்று நான் அலட்டிக்கொள்ளவில்லை. எப்படி வரும் என்பதுதான் என் கவலை.

லோகேஷின் 'கூலி' 2025-ல் வெளியானபோது அதற்குக் கிடைத்தது 'ஏ' சான்றிதழ். அப்படியென்றால் 18 வயது ஆகாதவர்களைத் தியேட்டருக்குள் விடமாட்டார்கள். ரஜினி படம் பார்க்க ஆசையாகக் காத்திருந்த உங்களில் எத்தனை பேருக்கு அன்று முகம் வாடியிருக்கும்! பெரியவர்களுக்கான படங்களை எடுப்பது தவறே இல்லை. அது ஓர் இயக்குநரின் விருப்பம். ஆனால் மாயாவி விஷயம் வேறு. அவர் பிறந்ததே சிறுவர் இதழில். தமிழில் அவரைப் படித்துப் படித்துக் கிழித்ததும் சிறுவர்கள்தான். அவருடைய படத்தின் வாசலில் எட்டு வயதுப் பிள்ளையை நிறுத்தி, "தம்பி, நீ போகக்கூடாது" என்று சொன்னால், அது வீட்டுக்காரரை வீட்டுக்குள் விடாத கதை அல்லவா?

2024-லிருந்து சினிமாச் சான்றிதழில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 'யுஏ' என்று ஒன்றாக இருந்ததை 7 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல், 16 வயதுக்கு மேல் என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். மாயாவி படத்தின் போஸ்டரில் '7+' என்று பார்க்க எனக்கு ஆசை. 13+ என்றால் மனசைத் தேற்றிக்கொள்வேன். அதற்கு மேலே போனால் கோபித்துக்கொள்வேன்!

"ரத்தம் இல்லாமல், வெட்டுக்குத்து இல்லாமல் விறுவிறுப்பாக எடுக்க முடியுமா?" என்று சிலர் கேட்பார்கள். அவர்களை மாயாவியின் முதல் கதையையே படிக்கச் சொல்ல வேண்டும். அது எப்படித் தொடங்குகிறது தெரியுமா? லூயிஸ் கிராண்டல், பேராசிரியர் பாரிங்கர் என்பவரிடம் உதவியாளர். ஏற்கெனவே ஒரு விபத்தில் வலது கையை இழந்து, எஃகுக் கை பொருத்திக்கொண்டவர். ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி வெடிக்கிறது. உயர் அழுத்த மின்சாரம் அவர் உடம்பில் பாய்கிறது. ஆள் மாயம். அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார்? திருடர்களைப் பிடித்தாரா? இல்லை! அவரே திருடினார். வங்கிகளில் கொள்ளையடித்தார். ஊரையே நடுங்க வைத்தார்.

ஆமாம் நண்பர்களே, நம் நாயகன் முதல் கதையில் வில்லன்! விபத்தில் மனம் பேதலித்துப்போன ஒரு மனிதன், தன்னை யாராலும் பார்க்க முடியாது என்று தெரிந்ததும் தடம் மாறுகிறான். பிறகு மெல்ல மெல்லத் திருந்தி, 'நிழற்படை' என்ற ரகசிய அமைப்பில் சேர்ந்து, கெட்டவர்களை எதிர்க்கிறான். சூப்பர்மேன் நல்லவராகவே வந்து இறங்கினார். மாயாவி அப்படியில்லை. யாரும் பார்க்காதபோது நாம் எப்படி இருப்போம் என்ற கேள்வியை அந்தக் கதை கேட்டது. பக்கத்து வீட்டு மாமரத்தில் கல் எறியும்போது அந்தக் கேள்வி நமக்கும் வந்திருக்கும்தானே! இதைப் பத்து வயதுப் பிள்ளைகள் படிக்கும் இதழில்தான், ஒரு சொட்டு ரத்தத்தைப் பெரிதாகக் காட்டாமல், வாரம் இரண்டு மூன்று பக்கமாகச் சொன்னார்கள். அடுத்த வாரம் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வைத்தார்கள்.

எனவே இயக்குநர் யாராக இருந்தாலும் அந்த முதல் பகுதியை வெட்டிவிடக் கூடாது. 'ஹீரோ திருடலாமா, ரசிகர்கள் ஒப்புக்கொள்வார்களா' என்று பயந்து, முதல் காட்சியிலேயே அவரை ஊரைக் காக்கும் உத்தமராக்கிவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு கையுறை மட்டும்தான். அறிமுகப் பாட்டு, நூறு பேரோடு சண்டை எல்லாம் இல்லாவிட்டாலும் எனக்குக் குறையில்லை.

மாயமாகும் மனிதனைத் திரையில் காட்டுவது பழைய வித்தை. எச்.ஜி.வெல்ஸ் எழுதிய நாவலை வைத்து 1933-ல் ஹாலிவுட்டில் 'இன்விசிபிள் மேன்' படம் எடுத்தார்கள். கம்ப்யூட்டர் கிடையாது. என்ன செய்தார்கள்? நடிகரின் உடம்பைக் கறுப்பு வெல்வெட் துணியால் மூடினார்கள். அதன் மேல் சட்டை, கால்சட்டை போட்டார்கள். பின்னாலும் கறுப்பு வெல்வெட் திரை. கறுப்பின் முன்னால் கறுப்பு தெரியாது அல்லவா? உடை மட்டும் தானாக நடப்பதுபோலப் பதிவானது. அந்தப் படச்சுருளை அறையைக் காட்டும் இன்னொரு படச்சுருளோடு இணைத்துவிட்டார்கள். ஜான் ஃபுல்டன் என்ற நிபுணரின் வேலை அது. இன்றைக்குப் பச்சைத் திரை இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒரு கையை மிதக்க விடுவது பெரிய கஷ்டமே இல்லை.

நம் நாட்டிலும் 1987-ல் இந்தியில் 'மிஸ்டர் இந்தியா' வந்தது. கையில் ஒரு கருவியைக் கட்டிக்கொண்டால் அனில் கபூர் மறைந்துவிடுவார். சிவப்பு வெளிச்சத்தில் மட்டும் தெரிவார். வீடு நிறையப் பிள்ளைகள், ஒரே கலகலப்பு! அதைத் தமிழில் பாக்யராஜ் நடிக்க, 'என் ரத்தத்தின் ரத்தமே' என்று 1989-ல் எடுத்தார்கள். குடும்பத்தோடு பார்த்துச் சிரித்த படங்கள் இவை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2021-ல் வந்த 'மின்னல் முரளி' இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு கிராமத்துத் தையல்காரர் மீது மின்னல் விழுந்து சக்தி வருகிறது. பறக்கும் கோட்டையும் இல்லை, வேற்றுக்கிரக ராணுவமும் இல்லை. பஸ் ஸ்டாண்டும் டீக்கடையும்தான். ஆனாலும் மொழி தெரியாத பிள்ளைகள்கூட ரசித்தார்கள். தமிழில் 2023-ல் 'மாவீரன்' வந்தது. செய்தித்தாளில் படக்கதை வரையும் ஓர் இளைஞனின் காதில், அவன் வரையும் வீரனின் குரல் கேட்கும். பயந்தாங்கொள்ளி ஓவியனும் தைரியசாலிக் குரலும் போடும் சண்டை அருமை. மாயாவிக்கும் இதுபோல வழி இருக்கிறது என்று எனக்கு நம்பிக்கை வந்தது இந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான்.

ஒன்று கவனித்தீர்களா? மற்ற மாய மனிதர்கள் எல்லாம் முழுதாக மறைவார்கள். நம் ஆளுக்கு அது முடியாது. அந்தக் கை எப்போதும் வெளியே தெரியும். ஒளிந்திருக்கும்போது அதைக் கோட்டுப் பைக்குள் மறைக்க முடியாது, ஏனென்றால் கோட்டும் சேர்ந்து மறைந்துவிடும்! மேஜைக்கு அடியில், திரைச்சீலைக்குப் பின்னால் என்று கையை ஒளிக்க அவர் படும் பாடுதான் கதையின் விறுவிறுப்பு. அவருடைய பலமும் அதுதான், அவரைக் காட்டிக்கொடுப்பதும் அதுதான்.

அது வெறும் ஆயுதம் அல்ல என்பதையும் படம் காட்ட வேண்டும். பிற்காலக் கதைகளில் அந்த விரல்களிலிருந்து குண்டு பாயும், வாயு வரும். பார்க்க ஜோர்தான். ஆனால் அடிப்படையில் அவர் ஒரு கையை இழந்த மனிதர். இன்று உண்மையிலேயே செயற்கைக் கைகள் இருக்கின்றன. முன்கைத் தசை அசையும்போது தோலில் எழும் மிகச் சிறிய மின் துடிப்பைக் கருவி உணர்ந்து, விரல்களை மடக்கும், விரிக்கும். அப்படிக் கை பொருத்தியவர் ஒரு டம்ளரை முதல் தடவை உடைக்காமல் பிடிப்பதற்கு எத்தனையோ நாள் பழக வேண்டும். கிராண்டல் அப்படிப் பழகும் ஒரு காட்சி, இரண்டே நிமிடம், படத்தில் இருந்தால் போதும். செயற்கைக் காலோடும் கையோடும் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் தியேட்டரில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இன்னொரு விஷயம், உரிமை. மாயாவியைத் தமிழர்கள் தத்தெடுத்துக்கொண்டாலும், பழைய ஆங்கிலக் கதைகளின் உரிமை இப்போது இங்கிலாந்தின் 'ரெபெல்லியன்' நிறுவனத்திடம் இருக்கிறது. 2021-ல் அவர்கள் முதல் கதைகளைத் தொகுத்து அழகான புத்தகமாக மறுபடி வெளியிட்டார்கள். பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு புதுக்கதை செய்வதும் நடக்கலாம். அந்தக் கதையையே எடுப்பதானால் முறையாக அனுமதி வாங்க வேண்டும். திரையில் எழுத்து ஓடும்போது பிளாஸ்கோவின் பெயரும் ஓட வேண்டும். நாங்கள் சிறுவயதில் அவருடைய படங்களைத் தாளில் வைத்து எத்தனை தடவை வரைந்து பழகியிருப்போம்! 1995-ல் அவர் இறந்தபோது, அந்தக் கையை வரைந்தவர் யார் என்பதே எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

கதை எந்த ஊரில் நடக்க வேண்டும்? லண்டனிலேயே நடக்கட்டும் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இளையராஜாவைத் தந்த பண்ணைப்புரம் எங்கள் பக்கத்து ஊர். பாரதிராஜா பிறந்தது தேனி அல்லிநகரத்தில். வைகைக் கரையையும் வயலையும் ரயில் நிலையத்தையும் வைத்தே உலகம் பேசும் படம் எடுக்கலாம் என்று காட்டிய மண் இது. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு மாயாவி சுற்றினால் என்ன? திராட்சைப் பந்தலுக்குக் கீழே ஒரு கை மட்டும் பழம் பறிக்கிறது. தோட்டக்காரத் தாத்தா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்கிறார். சொல்லும்போதே சிரிப்பு வருகிறது இல்லையா?

முதல் காட்சிக்கு மட்டும் என் ஓட்டு அந்த ஆய்வுக்கூடத்துக்குத்தான். வெடிச் சத்தம். அறை முழுக்கப் புகை. பேராசிரியர் இருமிக்கொண்டே உதவியாளரைத் தேடுகிறார். யாரும் இல்லை. புகை விலகுகிறது. மேஜையின் விளிம்பில் ஐந்து எஃகு விரல்கள் மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பாட்டு வேண்டாம், வசனம் வேண்டாம். தியேட்டரே மூச்சு விடாது.

உங்கள் முதல் காட்சி எது? மாயாவி உங்கள் ஊருக்கு வந்தால் எங்கே ஒளிவார், எங்கே மின்சாரம் தேடுவார்? ஒரு வெள்ளைத்தாளில் நாலு கட்டம் போட்டுப் படக்கதையாக வரைந்து நமக்கு அனுப்புங்கள். வண்ணம் வேண்டாம், கறுப்பு மை போதும். இரும்புக்கை எந்தப் பக்கம் என்பதில் மட்டும் கவனம். வலது கை!

அன்புடன்,
ஆசிரியர்